சுண்டெலித் தோலில் இரண்டு கட்டக் கட்டி ஆய்வு: செய்முறையும் சறுக்கல்களும்

சுண்டெலியின் தோலில் கட்டி எப்படி உருவாகிறது என்று பார்க்கும் இந்த ஆய்வில் இரண்டு வேதிப்பொருள்கள் வேலை செய்கின்றன. முதலாவது செல்லின் மரபணுவில் அழியாத மாற்றத்தை உண்டாக்கும், அது துவக்கி. இரண்டாவது அந்த மாற்றம் பெற்ற செல்லைப் பெருக வைக்கும், அது ஊக்கி. 1940களில் பெரன்பிளம், மோட்ராம் போன்றோர் எலித் தோலில் நேர்வாள எண்ணெயைத் தடவி இந்தப் பிரிவை நிலைநாட்டினார்கள். நம் சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் பயன்படுத்தாத அதே நேர்வாளம்தான். அந்த எண்ணெயில் கண்டறிந்த டிபிஏ (TPA) என்னும் போர்பால் எஸ்டர் இன்றும் வழக்கமான ஊக்கி. துவக்கியாகப் பெரும்பாலும் டிஎம்பிஏ (DMBA) என்னும், புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்.

இந்தியாவில் என்றால் முதலில் நிறுவன விலங்கு நெறிக்குழுவின் அனுமதி. கட்டி எந்த அளவை எட்டினால், எப்போது புண்ணானால் எலியை வலியின்றி முடித்துவிடுவோம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எலியின் இனம் முடிவையே புரட்டிப்போடும். சென்கார், எஃப்விபி இனங்களில் கட்டி எளிதாக எழும். சி57 கறுப்பு எலி பிடிவாதக்காரன். மரபணு மாற்றிய எலிகள் பலவும் அந்த இனத்தில் உருவானவை என்பதால், இனத்தைக் கவனிக்காமல் தொடங்கி இருபது வாரம் வெறும் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஏழு, எட்டு வார வயதில் முடி ஓய்வுக் கட்டத்தில் இருக்கும். தடவுவதற்கு இரண்டு நாள் முன்பு முதுகை இயந்திரத்தால் மழியுங்கள். இரண்டு நாளில் முடி துளிர்த்த எலியை ஒதுக்கிவிடுங்கள்: வளர்கட்டத்தில் தோல் தடித்து, அதன் எதிர்வினை மற்றவற்றோடு ஒத்துப்போகாது. கீறல் விழக்கூடாது. காயமே ஓர் ஊக்கி. சண்டை போடும் ஆண் எலிகளைச் சேர்த்து வளர்க்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

எஃப்விபி எலிக்கு டிஎம்பிஏ 25 மைக்ரோகிராம், 200 மைக்ரோலிட்டர் அசிட்டோனில், ஒரே ஒருமுறை. 1.25 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் இந்த அடர்த்தி வரும். ஒளி படாத பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். பாலிஸ்டைரீன் குழாய் அசிட்டோனில் கரைந்துவிடும். மூடியைத் திறந்தே வைத்தால் அசிட்டோன் ஆவியாகி, வரிசையில் கடைசி எலிக்கு மருந்து கூடிப்போகும். மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவும். இரண்டு அணிந்து, துளி பட்டதும் மாற்றுங்கள். எல்லாம் புகைபோக்கிக் கூண்டுக்குள். தடவிய எலிகளின் படுக்கைத் தூளும் நச்சுக் கழிவுதான்.

ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து டிபிஏ: 5 மைக்ரோகிராம், அதே 200 மைக்ரோலிட்டரில், வாரம் இருமுறை, சுமார் 20 வாரம். இந்தத் தாளத்தில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. டிபிஏ, செல்லுக்குள் இயல்பாகச் சுரக்கும் டையசைல்கிளிசராலைப் போல நடித்துப் புரதக் கைனேஸ்-சி நொதியை முடுக்கும். இயல்பான மூலக்கூறு உடனே சிதைந்துவிடும்; டிபிஏ அவ்வளவு விரைவில் சிதையாது. தோல் தடிக்கும், அழற்சி செல்கள் குவியும். ஆனால் தடவுவதை நிறுத்தினால் தோல் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் விடுமுறை, பண்டிகை என்று இடைவெளி நீண்டால் கட்டி குறைந்துபோகும். துவக்கியின் தழும்போ மறைவதே இல்லை. மாதக்கணக்கில் கழித்து ஊக்கியைத் தொடங்கினாலும் கட்டி வரும். வரிசையை மாற்றி ஊக்கியை முதலில் தடவினால் வராது.

ஆகவே ஒப்பீட்டுக் குழுக்களைச் சிக்கனம் செய்யாதீர்கள். அசிட்டோன் மட்டும், டிஎம்பிஏவுக்குப் பின் அசிட்டோன், அசிட்டோனுக்குப் பின் டிபிஏ என மூன்றும் வேண்டும். டிபிஏ மட்டும் தடவிய குழுவில் கட்டிகள் நிறைய வந்தால், குப்பி கலந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். சோதிக்கும் மூலிகைச் சாறோ மருந்தோ எதுவானாலும், டிஎம்பிஏவுக்கு முன் கொடுத்தால் துவக்கத்தைத் தடுக்கிறதா என்று தெரியும். டிபிஏவோடு கொடுத்தால் ஊக்கத்தைத் தடுக்கிறதா என்று தெரியும். இரண்டு கட்டத்திலும் கொடுத்துவிட்டு எது நடந்தது என்று சொல்ல முடியாது. டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு ஊக்கத்தை வலுவாக அடக்கும். அதைத் தனிக் குழுவாக வைத்தால் ஒப்பிட வசதி.

பாப்பிலோமா எனும் மருக்கட்டிகள் பொதுவாக 8 முதல் 12 வாரத்துக்குள் தலைகாட்டும். வாரம் ஒருமுறை, எந்தக் குழு என்று தெரியாதவர் எண்ண வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, அடுத்த வாரமும் நிலைத்திருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் செல் பெருக்கத்தோடு தொடர்புள்ள ஹெச்-ராஸ் மரபணுவின் 61ஆம் குறிமம் (கோடான்) மாறியிருக்கும். அது டிஎம்பிஏ விட்டுச்சென்ற கைரேகை.

டிபிஏவை நிறுத்தியபின் சில மருக்கள் உதிரும். சில மாதங்களில் ஒரு சிறு பங்கு கார்சினோமாவாக, அதாவது புற்றுநோய்க் கட்டியாக மாறும். புண்ணான மரு கண்ணுக்குக் கார்சினோமா போலவே தெரியும். அடித்தளத்தோடு வெட்டி, திசுச் சீவலில் செல்கள் அடிச்சவ்வைத் துளைத்து இறங்கியிருப்பதைப் பார்த்த பிறகே அந்தப் பெயரை எழுதுங்கள்.