கிராம சபையில் உங்கள் தெருப் பிரச்சினையைத் தீர்மானமாக்குவது எப்படி?

தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கிராம சபையில் எழுந்து பேசுகிறவர்கள் நிறைய உண்டு. பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறாவிட்டால், மறுநாள் அப்படி ஒரு பேச்சு நடந்ததற்கே ஆதாரம் இருக்காது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் அதை எப்படி ஏற்றுவது என்று பார்ப்போம்.

படி 1: இது யார் வேலை?

குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, வீட்டு வரி எல்லாம் ஊராட்சி. அதற்கு ஊராட்சிச் செயலரைப் பாருங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்கள் என்றால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்); அவர் வருவாய்த் துறை ஆள். பட்டா மாறுதலைக் கிராம சபையில் எழுப்பிப் பயனில்லை, அது வருவாய்த் துறை வேலை.

படி 2: நாள்

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்களும் உறுப்பினர்தான்.

படி 3: மனு எழுதுங்கள்

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். "எங்க தெருவுக்கு லைட் வேணும்" என்றால் "ஆவன செய்யப்படும்" என்பதோடு முடிந்துவிடும். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். உதாரணத்துக்கு:

"மேலத்தெருவில் மாரியம்மன் கோவில் முதல் ரேஷன் கடை வரையுள்ள நான்கு மின்கம்பங்களில் விளக்கு இல்லை. அவற்றில் எல்.இ.டி. விளக்கு பொருத்த இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

இடம், எண்ணிக்கை, என்ன செய்ய வேண்டும், மூன்றும் இருக்கின்றன. இதை அப்படியே புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். எழுதுகிறவருக்கும் வேலை மிச்சம். இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்குச் சில நாள் முன்பே செயலரிடம் கொடுங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்க மறக்காதீர்கள்.

படி 4: ஆள் சேருங்கள்

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கும் மேல் 300. தனியாகப் போகாமல் தெருவையே கூட்டிக்கொண்டு போங்கள். பத்து மணிக்கூட்டம் பதினொன்றுக்குத்தான் தொடங்கும் என்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

படி 5: கையெழுத்துக்கு முன்

வருகைப் பதிவில் தேதியும் தலைப்பும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள், நீட்டுகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. கூட்டம் முடியும் முன் "தீர்மானத்தை வாசிங்க" என்று சத்தமாகக் கேளுங்கள். உங்கள் வாசகம் வந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: அப்புறம்?

படம் எடுக்க விடவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தத் தேதியில் நடந்த கிராம சபைத் தீர்மானங்களின் நகல் வேண்டும்" என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நகல் கையில் இருந்தும் வேலை நகரவில்லை என்றால், அதை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு கொடுங்கள். அங்கும் அசையாவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே மனுவுக்கு ஓர் எண் தருவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.