பாட்காஸ்ட்ல கன்டென்ட் வார்னிங் எப்படி வைக்கணும்: கை வேலையா கேக்கறவங்களை மனசுல வச்சு

போன வருஷம் ஒரு நாள் எங்க சித்தி வாழைப்பூ ஆய்ஞ்சிட்டு இருந்தாங்க, கறை ஒட்டக்கூடாதுன்னு கையெல்லாம் எண்ணெய், ஃபோன் ஜன்னல் மேல, ஒரு க்ரைம் பாட்காஸ்ட் ஓடிட்டு இருக்கு. எபிசோட் முடிஞ்சு அடுத்தது தானா ஆரம்பிச்சது, டைட்டில் மியூசிக்கே வரல, அதுக்குள்ள ஒரு பையன் எப்படி உயிரை விட்டான்னு ஒண்ணு விடாம சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. சித்தி அவங்க பையனை அப்படித்தான் இழந்தாங்க. எந்திரிச்சு ஓடிப்போய் நிறுத்தப் பாத்தா விரல் ஸ்க்ரீன்ல வழுக்குது, மூணாவது தடவைதான் நின்னுச்சு, அதுக்குள்ள கேக்கக்கூடாததை எல்லாம் கேட்டு முடிச்சிட்டாங்க. அன்னைக்கு பூரா யார்கிட்டயும் பேசல.

அதனாலதான் இதை எழுதறேன். கன்டென்ட் வார்னிங்னா, மனசைப் பாதிக்கற விஷயம் வரப்போகுதுன்னு முன்னாடியே எச்சரிக்கறது. பாட்காஸ்ட் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க.

முதல் விஷயம், வார்னிங்கை வாயால சொல்லுங்க. டிஸ்கிரிப்ஷன்ல எழுதியாச்சேன்னு விட்டுடாதீங்க, சமைச்சுக்கிட்டோ வண்டி ஓட்டிக்கிட்டோ கேக்கறவங்க அதைத் திறந்தே பாக்க மாட்டாங்க. ஆப்பிள், ஸ்பாட்டிஃபை எல்லாத்துலயும் எக்ஸ்பிளிசிட்னு, அதாவது பிள்ளைங்களுக்கு ஏத்தது இல்லைன்னு, குறிக்க வசதி இருக்கு, அதையும் கண்டிப்பா போடுங்க, பிள்ளைங்க ஃபோன்ல அந்த மாதிரி எபிசோடை பிளாக் பண்ண அது உதவும், ஆனா அது கெட்ட வார்த்தைக்கா கொலைக்கா எதுக்குன்னு கேக்கறவங்களுக்குத் தெரியாது.

எங்க சொல்றது? எல்லாத்துக்கும் முன்னாடி. டீசர்னு நடுவுல இருந்து ஒரு துண்டை வெட்டி முதல்ல ஒட்டறோம் இல்லையா, பெரும்பாலும் இருக்கறதுலயே கொடூரமான இடம்தான் அங்க வரும், அதுக்கப்புறம் வார்னிங் சொல்லி என்ன பிரயோஜனம்? வார்னிங் முதல்ல, அப்புறம் ஒரு அஞ்சு செகண்ட் சும்மா விடுங்க, கையைத் துடைச்சுட்டு வந்து ஆஃப் பண்ற அளவுக்காவது நேரம் வேணும், அப்புறம்தான் டீசர்.

என்ன சொல்றதுன்னா, "சென்சிட்டிவான விஷயங்கள் இருக்கு"ன்னு பொத்தாம் பொதுவா வேண்டாம், அதை வச்சு யாரும் எதையும் முடிவு பண்ண முடியாது. "இன்னைக்கு எபிசோட்ல தற்கொலை பத்திப் பேசறோம், குழந்தை மேல நடந்த பாலியல் வன்முறை பத்தியும் கொஞ்சம் வரும், பசங்க பக்கத்துல இருந்தா இயர்ஃபோன் போட்டுக்கங்க" இவ்வளவுதான், பேரைச் சொல்லுங்க, ஆனா விவரம் வேண்டாம், வார்னிங்லயே எப்படி நடந்துச்சுன்னு சொல்லிட்டா அதுவே அடிச்சிடும். அதுக்காக ஒவ்வொரு எபிசோட்லயும் ஒரே ரெக்கார்டிங்கை ஒட்டாதீங்க, நாலாவது வாரம் யார் காதுலயும் ஏறாது.

அந்தப் பகுதியை மட்டும் தாண்ட வழி வைக்கறதுதான் நிறைய பேர் கோட்டை விடற இடம். 12ஆவது நிமிஷத்துல இருந்து 17 வரைக்கும்னு நேரம் சொல்றோம், சரிதான், ஆனா நீங்க எபிசோடை ஏத்தி வைக்கற ஹோஸ்டிங் சர்வீஸ், கேக்கறவங்க இருக்கற ஊருக்குத் தகுந்த மாதிரி விளம்பரத்தை நடுவுல சொருகுதுன்னா அந்த நேரம் ஒவ்வொருத்தருக்கும் மாறிடும், தாண்டிட்டோம்னு நெனச்சு நேரா அதுக்குள்ளயே போய் விழுவாங்க. அதனால அந்தப் பகுதி ஆரம்பிக்கும்போது ஒரு மணிச்சத்தம், முடியும்போது அதே சத்தம் வைங்க, முன்னாடியே சொல்லிடுங்க. எத்தனை நிமிஷம்னும் சொல்லுங்க, ஆப்பிள்ல சாதாரணமா ஒரு அமுக்குக்கு 30 செகண்ட் தள்ளும், அஞ்சு நிமிஷம்னா பத்து தடவைன்னு அவங்களே கணக்கு போட்டுக்குவாங்க.

வார்னிங் எல்லாம் பிரயோஜனமே இல்லைன்னு ஆராய்ச்சியே சொல்லுதேன்னு சிலர் கேக்கறாங்க. 2023ல பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த ஒரு ஆராய்ச்சி வந்தது, வார்னிங் கொடுத்ததால மனசு படற பாடு குறையல, கேக்கறதுக்கு முன்னாடி பதட்டம் கொஞ்சம் கூடுது, பெரும்பாலானவங்க அதைத் தவிர்க்கவும் இல்லைன்னு சொன்னாங்க. நான் அதை ஒதுக்கித் தள்ளல. வார்னிங் மருந்து இல்லை, சித்தியோட துக்கத்தை அது ஆத்தாது. ஆனா இப்ப கேக்கறதா, ராத்திரி தனியா கேக்கறதா, கேக்கவே வேண்டாமான்னு முடிவெடுக்கற உரிமை அவங்ககிட்ட இருந்திருக்கும், எனக்கு அது போதும்.

இன்னொண்ணு, வார்னிங் சொல்லிட்டோம்ல, இனி எதை வேணா சொல்லலாம்னு இல்லை. தற்கொலையை எந்த முறையில பண்ணாங்கன்னு விவரிக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே மீடியாவுக்குச் சொல்லியிருக்கு. பாதிக்கப்பட்ட குழந்தையோட அடையாளத்தை வெளிய சொல்றது போக்சோ சட்டப்படி குத்தம், பேரை மாத்திட்டு ஸ்கூலையும் தெருவையும் சொன்னாலும் அடையாளம் தெரிஞ்சிடும்.

எபிசோட் முடிவுல உதவி நம்பர் சொல்லுங்க, மெதுவா, ரெண்டு தடவை. இந்தியாவுல அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும், காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம். இலங்கையில கேக்கறவங்களுக்கு அங்க இருக்கற மனநல உதவி நம்பர் 1926. அந்தப் பகுதியைத் தாண்டிப் போறவங்களுக்கும் கேக்கட்டும்னு நம்பரை ஆரம்பத்துலயும் ஒரு தடவை சொல்லிடுங்க.

பழைய எபிசோடையும் விட்டுடாதீங்க. பெரும்பாலான ஹோஸ்டிங்ல லிங்க் மாறாம ஆடியோ ஃபைலை மட்டும் மாத்தலாம், 20 செகண்ட் பேசி முன்னாடி ஒட்டி திரும்ப ஏத்தினா போதும். சித்தி அன்னைக்குக் கேட்டதும் எப்பவோ வந்த பழைய எபிசோடுதான்.