காலி டேங்கரே கூடுதல் ஆபத்து: எரிபொருள் லாரி ஓட்டப் பழகுவோருக்கு

இராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகளுக்கான டீசலும் பங்க்குகளுக்கான பெட்ரோலும் தேசிய நெடுஞ்சாலை 87 வழியாக டேங்கர் லாரிகளில் வந்து சேர்கின்றன. இவ்வேலைக்குப் புதிதாக வருபவர்கள் நிறைந்த டேங்கருக்கு அஞ்சுகிறார்களே தவிர, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்கு அஞ்சுவதில்லை. அந்த எண்ணம் தவறானது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: தாள்கள்

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதிப்படி, அபாயகரமான சரக்கை ஏற்றும் ஓட்டுநர் அதற்குரிய பயிற்சியை முடித்த சான்று பெற்றிருக்க வேண்டும். சரக்கின் தன்மையையும் விபத்தில் செய்ய வேண்டியதையும் கூறும் ட்ரெம் கார்டு கேபினில் இருக்க வேண்டும். வண்டியின் பலகையில் 1203 என்ற எண் இருந்தால் அது பெட்ரோல்.

படி 2: புறப்படும் முன்

டயர், பிரேக், தீயணைப்பான், சைலன்சரின் தீப்பொறித் தடுப்பான் ஆகியவற்றைப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். நம் கடற்கரையில் உப்புக்காற்று எர்த் கிளிப்பையும் (தொட்டியில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் கம்பியின் கவ்வி) பேட்டரி முனைகளையும் விரைவில் அரித்துவிடுவதால், கிளிப்பின் பற்களைத் துருவின்றித் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். துருவின் மீது மாட்டிய எர்த் நம்பத்தக்கதன்று.

படி 3: ஓட்டம்

பாதி நிரம்பிய தொட்டியில் எரிபொருள் அலைபாய்கிறது. பிரேக் போட்டால் முன்னே தள்ளும். வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டியையே கவிழ்க்கும். ஆகவே வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக் பிடிக்காமல், நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் சோழகக் காற்று தெற்கிலிருந்தும் வாடைக்காற்று வடக்கிலிருந்தும் பக்கவாட்டில் அடிக்கும். எடை குறைந்த காலி டேங்கரே அங்கு அதிகம் ஆடும் என்பதாலும், கடலைப் பார்க்க வண்டிகளை நிறுத்தி இறங்கி நிற்போர் எந்நேரமும் இருப்பதாலும், அந்தப் பாலத்தில் முந்திச் செல்லும் எண்ணமே வரக்கூடாது.

படி 4: இறக்குதல்

எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முதலில் எர்த்தை மாட்டிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும்.

படி 5: கசிந்தால்

வண்டியை மக்கள் நடமாட்டத்திலிருந்து விலக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காற்று வரும் திசைப்பக்கம் நின்றுகொண்டு 112-ஐ அழையுங்கள். கசிவு கால்வாய் வழியே கடலில் சேராதபடி மணலால் அணை கட்டுங்கள்.

படி 6: திரும்பும் பயணம்

காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு. காலித் தொட்டியிலோ எஞ்சிய ஆவியும் உள்ளே புகுந்த காற்றும் கலந்து அந்த அளவை எட்டிவிடலாம். ஆகவே வால்வுகளையும் மூடிகளையும் இறுக்கிவிட்டே புறப்படுங்கள். வழியில் தொட்டியில் விரிசல் கண்டு, பட்டறைக்காரர் "காலி வண்டிதானே" என்று வெல்டிங் குழாயை எடுத்தால், ஆவி நீக்கப்பட்டதற்கான சான்று கையில் வரும்வரை அவரை வண்டியின் அருகே விடாதீர்கள்.