சத்திரசிகிச்சைக்குப் பின் ஞாபகம் குறைந்ததா? எக்செலில் கணக்கிடும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை வாட்டுகளில் தரவு சேர்க்கத் தொடங்கும் மாணவர்களுக்கான விளக்கம் இது. 1998 இல் வெளியான ஐஎஸ்பிஓசிடி (சத்திரசிகிச்சைக்குப் பின்னான அறிவாற்றல் குறைவு பற்றிய பன்னாட்டு ஆய்வு) முறையைப் பின்பற்றுகிறோம். அதில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு கிழமைக்குப் பின் 25.8%, மூன்று மாதத்துக்குப் பின் 9.9% பேருக்கு அறிவாற்றல் குறைந்திருந்தது.

முதலில் சோதனைகள். எம்எம்எஸ்ஈ (30 புள்ளிக்கான குறுகிய மனநிலைப் பரிசோதனை) மட்டும் போதாது. படித்தவர் சத்திரசிகிச்சைக்கு முன்னரே 30க்கு 29 எடுத்துவிடுவார், சிறு சரிவு தெரியாது. 15 சொல் ஞாபகம், ஸ்ட்ரூப் (வேறு நிறத்தில் எழுதிய நிறப்பெயரின் எழுத்து நிறத்தைச் சொல்வது), இலக்கக் குறியீடு (இலக்கத்துக்குரிய குறியை விரைவாகப் பொருத்துவது) என மூன்று நான்கு வையுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் வேறு சொற்பட்டியல் வேண்டும். தோணி, வலை, துடுப்பு ஒரே பட்டியலில் வந்தால் வாகரைக் கடற்றொழிலாளி மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுவார். செங்கலடி விவசாயிக்கு அந்த உதவி கிடைக்காது.

அடுத்து கட்டுப்பாட்டுக் குழு: ஒத்த வயது, ஒத்த படிப்பு, சத்திரசிகிச்சை இல்லை, அதே இடைவெளியில் அதே சோதனைகள். வாட்டில் தூக்கமில்லாமல் துணைக்கு நிற்பவரை இதில் சேர்க்காதீர்கள்.

இனிக் கணக்கு. இரண்டாம் தடவை எவருக்கும் பழக்கத்தால் புள்ளி கூடும். உதாரணமாக, கட்டுப்பாட்டுக் குழுவின் மாற்றத்தின் இடை +1.2, நியம விலகல் 1.6. நோயாளி 9 இலிருந்து 7 சொல்லுக்கு இறங்கினார்: மாற்றம் −2. அதிலிருந்து 1.2 ஐக் கழித்தால் −3.2, 1.6 ஆல் வகுத்தால் இசட் (கட்டுப்பாட்டுக் குழுவின் இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி என்ற எண்) −2.0. பழக்கத்தைக் கழிக்காமல் விட்டால் −1.25 தான் வரும், சரிவு கண்ணில் படாமலே போய்விடும். நியம விலகலை மாற்ற நிரலில் எடுக்க வேண்டும், முதல் புள்ளி நிரலில் அல்ல. செக்கனில் அளக்கும் ஸ்ட்ரூப்பில் நேரம் கூடுவதே சரிவு. இசட்டின் குறியை மாற்றுங்கள்.

பலர் பிழை விடுவது கூட்டு இசட்டில். எல்லா இசட்டுகளையும் கூட்டி, சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அது தவறு. கட்டுப்பாட்டுக் குழுவிலும் ஒவ்வொருவருக்கும் இசட்டுகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளின் நியம விலகலால் நோயாளியின் கூட்டுத்தொகையை வகுக்க வேண்டும். சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதே காரணம். கூட்டு இசட்டோ, ஏதாவது இரண்டு சோதனைகளின் இசட்டோ −1.96 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு உண்டு.

நூறு பேர் வரை எக்செல் போதும். சூத்திரம் கண்முன்னே இருப்பதால் பிழை பிடிபடும். அதற்கு மேல் ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள்.

பின்சேர்ப்பு: மூன்றாம் மாதம் கிளினிக்குக்கு வராதவரின் எக்செல் கட்டத்தில் 0 போடாதீர்கள், வெறுமையாக விட்டு வராத காரணத்தைப் பக்கத்து நிரலில் எழுதுங்கள். அதிகம் சரிந்தவர்களே வராமல் போகக்கூடும். அப்படியானால் உங்கள் வீதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.