விடுதியில் வேதமும் ஜெபமும்: எனக்குப் பிடிபட்ட வழி

கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரே வருடத்தில் வேதாகமம், அதாவது பைபிள் முழுவதையும் வாசித்து முடிப்பதாகத் திட்டம் போட்டேன். 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல். அதன் இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தில், இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும் இடத்தில் தேர்வு வந்து ஒன்பது நாள் விட்டுப்போனது. கிட்டத்தட்ட முப்பது அதிகாரம் பாக்கி. கணக்குப் பார்த்த அன்றே புத்தகத்தை மூடிவிட்டேன்.

அதனால் பாக்கி விழாத முறையில் ஆரம்பியுங்கள். வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். இன்று 12ஆம் தேதியா? பன்னிரண்டாம் அதிகாரம். நேற்று விட்டதா, போகட்டும்; அடுத்த மாதம் அது தானாக வரும். இது பழகிய பிறகு இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள். 16 அதிகாரம்தான், கதை வேகமாக ஓடும்.

நேரம் என்றதும் எல்லோரும் அதிகாலையைத்தான் சொல்வார்கள். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார், உண்மைதான். நானும் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். இரண்டு மணி வரை படித்துவிட்டுப் படுத்த அறைத்தோழன்தான் அதற்கு எழுந்தான்! வேதாகமத்தில் வரும் தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தவர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, முதல் வகுப்புக்கு இருபது நிமிடம் முன்னால் போய்க் காலி வகுப்பறையில் உட்கார ஆரம்பித்தேன். அச்சிட்ட வேதாகமம்தான். செல்பேசியில் வாசித்தால் மூன்றாவது வசனத்தில் வகுப்புக் குழுவின் செய்தி வந்து நிற்கும்.

ஜெபத்துக்கு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு ஒரு வரி எழுதுவேன். பெரும்பாலும் பெயர்கள்தான்.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. அப்போது வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை ஜெபமாகவே வாய்விட்டு வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலாக முடியாமல் இருளிலேயே முடிகிறது. முதல் செமஸ்டரில் வீட்டு நினைப்பு வாட்டிய ஒரு இரவில் அதை வாசித்தேன். சந்தோஷமாக இருப்பதுபோல் நடித்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்றில்லை என்று அன்றுதான் புரிந்தது.

ஞாயிறு ஆராதனையை சனி இரவே தீர்மானித்துவிடுங்கள். தாமதமாகப் படுத்தால் நம் கதை வேதாகமத்தில் வரும் ஐத்திகுவின் கதைதான். அப்போஸ்தலன் பவுல் பிரசங்கம் பேசிக்கொண்டே போக, ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே, அந்த வாலிபன்! அப்புறம், கல்லூரி ஜெபக்குழு நல்லதுதான், ஆனால் அங்கே எல்லோருக்கும் நம் வயது, நம் குழப்பம். நடந்து போகும் தூரத்தில் ஒரு சபையைப் பிடித்து, பெரியவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தேர்வு வாரத்தில் மட்டும் எனக்கு ஒரு சலுகை உண்டு: சங்கீதம் 117. இரண்டே வசனம். தேர்வு அறைக்கு வெளியே நிற்கும்போதே முடிந்துவிடும்.