வெளிநாடு செல்பவர் ஊர் வங்கிக் கணக்கை முறையாக வைத்திருப்பது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பயணத்துக்கு முந்திய இரவில் தவறாமல் நடக்கும் காரியம் ஒன்று உண்டு. பெட்டியைக் கட்டி முடித்ததும், ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண் எழுதிய துண்டுச் சீட்டையும் மனைவியிடமோ தாயாரிடமோ கொடுத்து, “மாசம் பத்தாம் தேதிக்குள்ள பணம் வந்துரும், எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு, சபுராளி, அதாவது வெளிநாட்டுப் பயணம் போகிறவர், மதுரைக்கோ திருச்சிக்கோ கார் ஏறுகிறார். கணக்கு பழைய கணக்காகவே இருக்கிறது. அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது வங்கிக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கணக்கில் எழுத்துப்பூர்வமான உரிமை எதுவும் கிடையாது. பல ஆண்டுகள் இது சிக்கலில்லாமல் ஓடும். சிக்கல் வரும் நாளில் அதைத் தீர்க்க வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருப்பார்.

எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. என் அண்ணன் சவூதிக்குச் சென்ற மூன்றாம் ஆண்டில், ஊர் சிம் ரீசார்ஜ் செய்யப்படாமல் துண்டிக்கப்பட்டு, அந்த எண் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டுவிட்டது. அட்டையின் காலம் முடிந்து புதிய அட்டை வாங்க அம்மா வங்கிக்குச் சென்றபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “அம்மா, கே.ஒய்.சி. முடிஞ்சு போச்சு, கணக்கு முடங்கியிருக்கு, உங்க மகன்தான் நேர்ல வரணும்” என்றார். கே.ஒய்.சி. என்பது வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் வங்கி சரிபார்த்து வைக்கும் பதிவு. அம்மா பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அதில் இருந்த தொகை நான்கு இலட்சத்துக்கும் மேல்; அந்த மாதம் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை, வளையலை அடகு வைத்துத்தான் கட்டினோம். அதன் பிறகு தெருவில் யார் பயணம் கிளம்பினாலும் அவர்களுடைய வங்கிப் படிவங்களை நானே உடனிருந்து நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வேலைக்காகவோ தொழிலுக்காகவோ இந்தியாவை விட்டுக் கிளம்பும் ஒருவர் கிளம்பிய நாளிலிருந்தே வெளிநாடு வாழ் இந்தியர். படிக்கச் செல்லும் மாணவர்களையும் ரிசர்வ் வங்கி இந்த வகையில்தான் சேர்க்கிறது. 182 நாள் என்று பலரும் சொல்வது வருமான வரிச் சட்டத்தின் கணக்கு. வங்கிக் கணக்குக்கு அந்த நாள் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்துவது விதிமீறல்; அதை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடு வாழ்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான கணக்கு) மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்க வேண்டியது கணக்குக்கு உரியவரின் பொறுப்பு. மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நம் ஊரில் எவரும் அப்படி அபராதம் கட்டியதை நான் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்கடன் கேட்கும்போதும் நிலம் விற்ற பணத்தை நகர்த்தும்போதும் கணக்கின் வகை தவறாக இருப்பதால் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனவே இரண்டு கணக்குகள் வேண்டும். பழைய கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றிக்கொள்ளுங்கள், வெளிநாட்டு வருமானத்துக்கென்று புதிதாக ஓர் என்.ஆர்.இ. கணக்கைத் தொடங்குங்கள். இரண்டுமே ரூபாய்க் கணக்குகள்தாம், ஆனால் எந்தப் பணம் எதில் விழ வேண்டும் என்பதில் குழப்பம் கூடாது. வெளிநாட்டுச் சம்பளம் என்.ஆர்.இ.யில் மட்டும். ஊரில் கிடைக்கும் வீட்டு வாடகை, தென்னந்தோப்புக் குத்தகை, ஓய்வூதியம், பங்கு ஈவுத்தொகை ஆகியவை என்.ஆர்.ஓ.வில் மட்டும். என்.ஆர்.இ.யில் இருக்கும் பணத்தை வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்ல உச்சவரம்பு இல்லை, என்.ஆர்.ஓ.வில் இருப்பதை, வரி கட்டியதற்கான பட்டயக் கணக்காளர் சான்றுடன், ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் அமெரிக்க டாலர் வரைதான் அனுப்பலாம். என்.ஆர்.இ.யிலிருந்து என்.ஆர்.ஓ.வுக்குப் பணத்தை மாற்றுவது எளிது, ஆனால் மாற்றிய பணம் அந்த நொடியிலிருந்து என்.ஆர்.ஓ.வின் விதிகளுக்குள் வந்துவிடும் என்பதால், தேவையான அளவுக்கு மேல் மாற்ற வேண்டாம்.

வரியில்தான் வேறுபாடு கையைச் சுடும். 5 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வைப்பு வைத்ததாகக் கொள்வோம். வட்டி 35,000 ரூபாய். அது என்.ஆர்.இ. வைப்பாக இருந்தால் இந்தியாவில் அந்த வட்டிக்கு வரி இல்லை, முழுத் தொகையும் உங்களுக்கே. என்.ஆர்.ஓ. வைப்பாக இருந்தால், முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரியுமாக 31.2 சதவீதம், அதாவது 10,920 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். உங்கள் மொத்த இந்திய வருமானம் அடிப்படை வரிவிலக்கு வரம்புக்குள் இருந்தால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பப் பெறலாம். அமீரகத்தில் வசிப்பவர்கள் அந்நாட்டு வரி வசிப்பிடச் சான்றிதழை வங்கியில் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி வட்டி மீதான வரி 12.5 சதவீதமாகக் குறையும். இந்த ஒரு காரணத்துக்காகவே, சம்பளப் பணத்தை அறியாமல் என்.ஆர்.ஓ.வில் போட்டு வைப்பு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று: என்.ஆர்.இ. நிலைவைப்பை ஓராண்டுக்கு முன்பே உடைத்தால் வட்டி எதுவும் கிடையாது.

இனி, வீட்டில் இருப்பவரின் உரிமை. நம் ஊரில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என்.ஆர்.இ. கணக்கில் ஊரில் வசிக்கும் நெருங்கிய உறவினரை இணைத்துக்கொள்ளலாம், ஆனால் ‘முன்னவர் அல்லது அவருக்குப் பின் உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் மட்டுமே. இதன் பொருள், முதல் பெயருக்கு உரியவர் உயிருடன் இருக்கும்வரை, இரண்டாவது பெயர் பாஸ்புக்கில் இருந்தாலும் அவர் தம் உரிமையில் பணம் எடுக்க முடியாது என்பதாகும். நெருங்கிய உறவினர் என்பதற்கும் சட்டம் பட்டியல் வைத்திருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தார். மச்சானும் சின்னம்மா மகனும் எவ்வளவு நம்பிக்கைக்கு உரியவர்களாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே இணைப்புப் பெயரோடு நிறுத்திவிடாமல், கணக்கை நடத்தும் அதிகாரத்தையும் மனைவிக்கோ தாயாருக்கோ எழுதிக் கொடுங்கள். வங்கியிலேயே அதற்கான அதிகாரக் கடிதப் படிவம் இருக்கிறது. விரிவாக வேண்டுமென்றால் அதிகாரப் பத்திரம் பதிவு செய்யலாம். அந்த அதிகாரத்தைப் பெற்றவர் உள்ளூர்ச் செலவுகளுக்குப் பணம் எடுக்கலாம், கட்டணங்களைச் செலுத்தலாம், உங்களுக்கே பணம் அனுப்பலாம். மற்றவருக்கு அன்பளிப்பாக அனுப்ப முடியாது. அவர் பெயரிலேயே அட்டையோ காசோலைப் புத்தகமோ கிடைக்குமா என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள். ரகசிய எண் எழுதிய துண்டுச் சீட்டுக்கு அப்போதுதான் வேலை இல்லாமல் போகும். மாதச் செலவுக்கு மட்டும் என்றால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: மனைவியின் சொந்தக் கணக்குக்கே நேராக அனுப்பிவிடுவது. செலவுப் பணம் அவர் கணக்கில், சேமிப்பு உங்கள் என்.ஆர்.இ.யில் என்று பிரித்து வைப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் கருத்து.

வாரிசு நியமனத்தையும் அதே நாளில் முடியுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் தந்தையின் பெயர் அப்படியே கிடக்கும், அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பாஸ்புக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கைப்பேசி எண் அடுத்தது. இன்றைக்குக் கணக்கின் சாவி பாஸ்புக்கில் இல்லை, ஓ.டி.பி. வரும் எண்ணில் இருக்கிறது. முன்கட்டண சிம்மில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் இணைப்பு துண்டிக்கப்படலாம். துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் இடைவெளிக்குப் பின், இன்னொருவருக்குப் போய்விடும். எனவே கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்துவிட்டு, ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் தேதி குறித்துக் கொடுங்கள். அயல்நாட்டில் குறுஞ்செய்தி வந்து சேர்வதற்குக் கட்டணம் இல்லை. இக்காமா (சவூதியின் வசிப்பு அனுமதி அட்டை) அல்லது எமிரேட்ஸ் ஐடி கிடைத்து அந்நாட்டு எண் நிலையானதும், அதை வங்கியில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். யு.பி.ஐ.யைப் பொறுத்தவரை, 2023 ஜனவரியில் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளுக்கு அயல்நாட்டு எண்ணிலேயே அனுமதி கிடைத்தது. அன்று அறிவிக்கப்பட்ட பத்து நாடுகளில் சிங்கப்பூர், சவூதி, அமீரகம், கத்தார், ஓமான் இருந்தன, குவைத்தும் பஹ்ரைனும் இல்லை.

வங்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை: கடவுச்சீட்டு, விசா அல்லது வேலை அனுமதி, பான் அட்டை, புகைப்படம், வெளிநாட்டு முகவரிக்குச் சான்று. கம்பெனி முகாமில் தங்கப்போகிறவரிடம் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ இருக்காது. நியமனக் கடிதத்திலோ நிறுவனம் தன் முத்திரையுடன் தரும் கடிதத்திலோ உள்ள முகவரியை ஏற்பார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வளைகுடாவில் மீன்பிடி விசாவில் படகுக்குச் செல்லும் நம் கடற்கரைத் தம்பிமார்களுக்கு இது மிகவும் தேவை, ஏனெனில் அவர்களுக்குக் கரையில் முகவரியே இருக்காது. ஏற்கெனவே போய்விட்டவர்கள், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற நகல்களை அனுப்பிக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். பெயர் எழுத்துகள் கடவுச்சீட்டிலும் பானிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தை பெயர் முதலில் வருவதும் பின்னால் வருவதுமான வேறுபாட்டுக்காகவே திருப்பி அனுப்பப்பட்ட படிவங்கள் பல. 2023 ஜூலை 1 முதல், ஆதாருடன் இணைக்கப்படாத பான் எண்கள் செயலிழந்தன. வெளிநாடு வாழ்பவருக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் தாம் வெளிநாடு வாழ்பவர் என்பது வருமான வரித் துறையின் பதிவில் இருக்க வேண்டும்.

கணக்கை உயிரோடு வைத்திருப்பது கடினமல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்களாகச் செய்த பரிவர்த்தனை எதுவும் இல்லையென்றால் சேமிப்புக் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போகும், அப்போதும் உரியவர் வங்கி வழியாகக் கேட்டுப் பெறலாம். செயலற்ற கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணமும், அதில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்கான அபராதமும் 2024 ஏப்ரல் 1 முதல் கிடையாது. கே.ஒய்.சி.யை வங்கி உங்களை வகைப்படுத்தியிருப்பதைப் பொறுத்து 2, 8 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் வரும்போது வங்கி வேலையை முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. கடைசி இரண்டு நாளில் போனால், ஒரு கையெழுத்து மாறினாலும் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க நேரிடும்.

இரண்டு செயல்களை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள் என்று வேண்டுகிறேன். ஒன்று உண்டியல், அதாவது வங்கி வழியில்லாமல் தரகர் கைமாற்றாகப் பணம் அனுப்புவது. அதில் வீடு தேடிப் பணம் வரும், விகிதமும் கூடுதலாகத் தெரியும். ஆனால் அது சட்டவிரோதம், அந்தப் பணத்துக்கு எழுத்தும் இல்லை. பின்னாளில் மனை வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது. இந்த மண்ணுக்கு முறையான வழி புதிதல்ல: 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது, சென்னையோடும் இரங்கூனோடும் ஒரே நாளில் கிளை திறக்கப்பட்ட காரைக்குடி அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டாவது, கணக்கை இரவல் கொடுப்பது. அறைத் தோழர் “உன் கணக்குல ஒரு பணம் வரும், எடுத்துக் குடு” என்றால் மறுத்துவிடுங்கள். அது மோசடிப் பணமாக இருந்தால் காவல்துறை முடக்குவது உங்கள் கணக்கை. அதில் உங்கள் வீட்டுச் செலவுப் பணமும் சேர்ந்தே நிற்கும்.

நிரந்தரமாகத் திரும்பி வந்ததும் அதையும் வங்கியில் சொல்ல வேண்டும். என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. சேமிப்புக் கணக்குகள் சாதாரணக் கணக்காக மாறும். நிலைவைப்பு ஒப்புக்கொண்ட வட்டியிலேயே முதிர்வு வரை ஓடும், ஆனால் வரிவிலக்கு தொடராது. டாலராகவோ வேறு நாணயமாகவோ வைத்திருக்க விரும்புபவர் ஆர்.எஃப்.சி. என்னும் கணக்கைத் தொடங்கி அதில் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அது பயன்படும். வந்து இறங்கிய தேதி முத்திரையிட்ட கடவுச்சீட்டுப் பக்கத்தை நகல் எடுத்து, பழைய பாஸ்புக்குகளோடு சேர்த்து வையுங்கள். எந்த நாள் வரை வெளிநாட்டில் இருந்தீர்கள் என்று வரி அலுவலகமோ வங்கியோ கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.