முதல் சேஃப்டி வேலை தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பொறியியலோ டிப்ளமாவோ முடித்துவிட்டு "சேஃப்டி பக்கம் போகலாம்", அதாவது தொழிலிடப் பாதுகாப்பு வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுக்கும் இளைஞர் அடுத்து செய்யும் காரியம், ஏதாவது ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டுவது. எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று தீர்மானிக்காமலே சான்றிதழை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அந்தச் சான்றிதழுக்கு மரியாதை கொடுக்கும் நிறுவனத்தைத் தேடி அலைகிறார்கள். வரிசையே தலைகீழ்.

இங்கிருந்து பார்த்தால் இந்தத் துறைக்கு மூன்று வாசல்கள்: தொழிற்சாலை, கட்டுமானம், வளைகுடா. மூன்றிலும் கேட்கும் தகுதி ஒன்றல்ல.

ஓரகடத்திலோ ஓசூரிலோ ஒரு பெரிய தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர் என்பது சட்டம் உருவாக்கிய பதவி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 1,000 தொழிலாளருக்குக் குறையாத ஆலைகளில் அவரை நியமிக்கச் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 ஆகவும், அபாயகரமான உற்பத்தி நடக்கும் ஆலைகளிலும் கட்டுமானத்திலும் 250 ஆகவும் குறைத்திருக்கிறது. "சட்டம் மாறிவிட்டது, வேலை கொட்டுகிறது" என்று பயிற்சி மையங்கள் இதை வைத்து விளம்பரம் செய்யலாம். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்ததால் மட்டும் அனுபவமில்லாதவருக்கு அந்த நாற்காலி கிடைத்துவிடாது. பொறியியல் படிப்பு, ஆலையில் மேற்பார்வை நிலையில் சில ஆண்டு அனுபவம், அதன்மேல் அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்புப் படிப்பு, தொழிலாளர் பேசும் மொழி அறிவு என்றுதான் இந்தப் பதவிக்கான விதிகள் வழக்கமாகக் கேட்டு வந்திருக்கின்றன.

ஆகவே படித்து முடித்த கையோடு "சேஃப்டி ஆபீசர்" என்ற பெயரில் மட்டும் வேலை தேடுவது வீண். உற்பத்தியிலோ பராமரிப்பிலோ ஷிப்ட் இன்ஜினியராகச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு இயந்திரங்களோடு பழகிவிட்டு, பிறகு படிக்கப் போகிறவரே இந்தப் பதவியை விரைவாக எட்டுகிறார் என்பது என் கணிப்பு. அந்தப் பாதுகாப்புப் படிப்புக்குச் சென்னை தரமணியில் ஒன்றிய அரசின் ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. தனியாரிடம் சேர்வதானால், அந்தப் படிப்பைத் தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஏற்கிறதா என்று இயக்ககத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். கோர்ஸ் விற்பவரிடம் கேட்டால் "ஆமாம்" என்றுதான் சொல்வார்.

நெபாஷ் விஷயத்தில் வரும் குழப்பமும் இதுதான். அது பிரிட்டனில் 1979இல் தொடங்கிய தேர்வு அமைப்பு. வளைகுடாவிலும் பன்னாட்டு நிறுவனங்களிலும் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. உள்ளூர் ஆலையில் சட்டம் கேட்கும் படிப்பின் இடத்தை அது நிரப்பாது. அதேபோல ஐயோஷ் என்ற பிரிட்டன் அமைப்பின் "மேனேஜிங் சேஃப்லி", மேலாளர்களுக்கான சில நாள் வகுப்பு. அதைத் தொழில் தகுதியாக நினைத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்தது பயோடேட்டா. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பத்து வரிகள் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கின்றன: டூல்பாக்ஸ் டாக் (வேலை தொடங்கும் முன் தொழிலாளருக்குச் சொல்லும் சிறு பாதுகாப்புப் பேச்சு) நடத்தினேன், ஒர்க் பெர்மிட் (ஆபத்தான வேலைக்கான எழுத்து அனுமதி) சரிபார்த்தேன், ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்தை மதிப்பிடுதல்) செய்தேன். நேர்முகத்தில் உட்காருபவர் அதில் ஒன்றைத் தொட்டால் போதும். "சரி, நான்தான் வெல்டர். ஐந்து நிமிடம் எனக்கு டூல்பாக்ஸ் டாக் கொடுங்கள், தமிழில்" என்பார். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவருக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கட்டுமான சைட்டுகளில் ஒடிசா, பீகார், வங்கத் தொழிலாளர் நிறையப் பேர் இருப்பதால், கொச்சையாகவாவது இந்தி மொழி தெரிந்தவருக்கு ஒரு படி கூடுதல்.

அதைவிடப் பெரிய சறுக்கல், எதைக் கேட்டாலும் ஹெல்மெட்டிலிருந்து தொடங்குவது. ஒரு படத்தைக் காட்டுகிறார்கள் என்று வையுங்கள்: ஒருவர் கைகிரைண்டரில் இரும்புக் கோணத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார். "என்ன தப்பு?" என்றதும் புதியவர் சொல்வது, கண்ணாடி போடவில்லை, கையுறை இல்லை. உண்மைதான். ஆனால் வட்டைப் பாருங்கள். ஐந்து அங்குல மெஷினில் ஏழு அங்குல வட்டு. அது உள்ளே போகாது என்பதால், வட்டை மூடியிருக்கும் தடுப்பையே கழற்றியிருக்கிறார்கள். ஏழு அங்குல வட்டின் மேல் பொதுவாக அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 8,500 சுற்று. சின்ன மெஷினோ 11,000 வரை சுற்றும். வட்டு வெடித்தால் அந்தக் கண்ணாடியும் கையுறையும் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? வட்டின் நடு வளையத்தில் காலாவதி மாதம் பொறித்திருக்கும். அதையும் படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னால் பாதி மதிப்பெண். மீதி, அந்த ஆள் ஏன் பெரிய வட்டை மாட்டினார் என்று கேட்பதில் இருக்கிறது. ஸ்டோரில் ஐந்து அங்குலம் தீர்ந்து போயிருக்கலாம். பெரிய மெஷின் ரிப்பேரில் கிடக்கலாம். அப்படியானால் பிரச்சினை, ஸ்டோருக்குப் பொருள் கேட்டு எழுதும் இண்டென்ட்டில். ஆபத்தை அகற்று, மாற்று, தடுப்பு வை, நடைமுறையைத் திருத்து, கடைசியாகத்தான் கவசம் என்ற வரிசையை எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். ஒரு கிரைண்டரை வைத்து அதைச் சொல்லிக் காட்டுபவர் அபூர்வம். இதற்குக் கோர்ஸ் வேண்டாம், தெருமுனை வெல்டிங் கடையில் அரை நாள் நின்றாலே கண் பழகும்.

வளைகுடா வேலைக்குச் சுருக்கமாக: ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை ஒன்றிய அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். "விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பலரும் கேட்க மறப்பது: நான் யாருக்குக் கீழே? பெர்மிட்டில் யார் கையெழுத்து? ஒப்பந்ததாரரின் சிறு சைட்டுகளில், வேலையை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் சைட் இன்சார்ஜுக்குக் கீழேயே சேஃப்டி ஆளையும் வைப்பதுண்டு. அங்கே டேங்குக்குள் ஆள் இறங்கும் பெர்மிட்டை நீட்டி "போட்டுக் கொடுங்க தம்பி" என்பார்கள். டேங்குக்குள் இருக்கும் காற்றைச் சோதிக்கும் கேஸ் மீட்டர் எங்கே, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, மேலே காவலுக்கு யார் நிற்கிறார் என்று கேட்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதை, சம்பளம் பேசும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் இரண்டாயிரம் ரூபாய் குறைவாகத் தரும் அடுத்த இடமே மேல். விபத்து நடந்தால் விசாரணை அதிகாரி முதலில் கேட்பது பெர்மிட் புத்தகத்தை. அதில் இருப்பது உங்கள் பெயர்.